ஸ்பேனியலும் கண்மாயும்: தண்ணீரைக் கண்டால் நிற்காத நாயைச் செட்டிநாட்டில் வளர்ப்பது எப்படி?

கண்மாய்க்கரை வீடு

எல்லோருக்கும் வணக்கம். போன வைகாசியில் சென்னை வீட்டைக் காலி செய்துகொண்டு கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக்கே வந்துவிட்டோம். நானும் வீட்டுக்காரரும், பிள்ளைகள் இரண்டு பேர், வீட்டுக்காரரின் அப்பத்தா. கூடவே செம்பு. இங்கிலீஷ் காக்கர் ஸ்பேனியல், பெட்டை, 9 மாதம் ஆகிறது. புளி போட்டுத் துலக்கின செப்புக்குடத்தின் நிறம், அதைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர்.

சென்னையில் இருந்தவரை அவள் பார்த்த தண்ணீர் எல்லாம் பாத்ரூம் வாளிதான். இங்கே ஐப்பசி மழையில் வீட்டுக்குப் பின்னால் கண்மாய் பெருகியது. ஒருநாள் காலையில் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கரையிலிருந்து 20 அடி உள்ளே தலை மட்டும் தெரிகிறது. இரண்டு காதும் தாமரை இலை மாதிரி தண்ணீர்மேல் விரிந்து மிதக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவள்பாட்டுக்கு நீந்துகிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

அன்றிலிருந்து தினமும் கொல்லைக் கதவடியில் போய் உட்கார்ந்துகொண்டு முனகுகிறாள். வாரத்துக்கு மூன்று நாள் கயிறு கட்டிக் கூட்டிப் போகிறோம். ஆனால் இரண்டு வாரமாகக் காதிலிருந்து புளித்த மாவு வாடை வருகிறது. தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். அப்பத்தா சொல்கிறார்: "ஈரத்தோட ஒரு சீவனை வீட்டுக்குள்ள விட்டா வீடும் கெடும், சீவனும் கெடும்."

இப்படித் தண்ணீர்மேல் ஆசையாக இருக்கும் பிள்ளையைத் தடுக்கவும் மனசு வரவில்லை. கண்மாய்த் தண்ணீர் நல்லதா, இந்த ஊர்ச் சித்திரை வெயிலை அவள் தாங்குவாளா, எதுவும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டைக்காரன்

தங்கச்சி, கண்மாயைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் காது.

"புளித்த மாவு வாடை" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை 12 வருஷம் மோந்து பார்த்தவன் நான். எங்கள் வீட்டில் இது இரண்டாவது ஸ்பேனியல். அந்த வாடை வந்துவிட்டால் காதுக்குள் ஈஸ்ட் என்கிற பூஞ்சை கிளம்பிவிட்டது என்று அநேகமாக நிச்சயம். இன்றைக்கே தண்ணீரில் இறக்குவதை நிறுத்துங்கள். டாக்டரிடம் காட்டி, அழுக்கைப் பஞ்சில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்ட்டுக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு மருந்து. பார்க்காமல் விடுகிற சொட்டு பாதி நேரம் வீண்.

ஏன் ஸ்பேனியலுக்கு மட்டும் இப்படி? நாயின் காதுக்குழாய் நம்முடையது மாதிரி நேராகப் போகாது. கிணற்றில் இறங்குகிற மாதிரி முதலில் கீழே இறங்கும், பிறகு உள்பக்கமாகத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் நின்ற தண்ணீர் தானாக வெளியே வராது. நிமிர்ந்த காதுள்ள நம் ஊர் நாய்க்குக் காற்றே அதை உலர்த்திவிடும். ஸ்பேனியலுக்கோ அந்த வாயை மூடிக்கொண்டு கனமான மடல் தொங்குகிறது, அதன் இரண்டு பக்கமும் முடி. இருட்டு, ஈரம், உடம்புச் சூடு மூன்றும் ஒரே இடத்தில்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். தண்ணீரிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசி, துண்டால் உடம்பைத் துவட்டுவோம். பிறகு காது மடலை வெளிப்பக்கமாகப் புரட்டிப் போட்டு, பழைய வேட்டித் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, விரல் போகிற ஆழம் வரைக்கும் மட்டும் துடைப்போம். அதற்கு மேல் உள்ளே எதையும் விடக்கூடாது. பட்ஸ் குச்சி வேண்டவே வேண்டாம், அது அழுக்கை உள்ளே தள்ளிவிடும். டாக்டர் கொடுத்த காது கழுவுகிற மருந்தை விட்டு, காதின் அடியில் கன்னத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிசைய வேண்டும். சளக் சளக் என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் மருந்து திருப்பம் வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிடுங்கள், அவளே தலையை உதறி வெளியே தள்ளுவாள். அதைத் துடைத்துவிட்டு இரண்டு மடலையும் உச்சந்தலையில் மடித்து வைத்து, என் வீட்டம்மா ஒரு பனியன் துணியால் தளர்வாக முண்டாசு கட்டிவிடுவார். 10 நிமிஷம். எல்லாம் சேர்த்துக் கால்மணி நேரம். நீந்தின ஒவ்வொரு நாளும் இது உண்டு. மடலின் உட்பக்க முடியை 15 நாளுக்கு ஒருதரம் ஒட்ட வெட்டிவிடுங்கள், காற்றுப் போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் முதல் நாய்க்குக் காது சீழ் பிடித்தபோது, பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரி பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயை விட்டோம். இரண்டு நாள் சும்மா இருந்தான். மூன்றாம் நாள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, நேராக நடக்க முடியவில்லை. செவிப்பறை ஏற்கெனவே ஓட்டையாகி இருந்திருக்கிறது, அது தெரியாமல் எண்ணெயை ஊற்றிவிட்டோம். இடது காது கடைசிவரை கேட்கவே இல்லை. தெருவில் வண்டி வருவதைத் தெரிந்துகொள்ள எப்போதும் வலதுபக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அந்தத் திரும்பல் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள்.

சிப்பிப்பாறை அன்பன்

நான் கொஞ்சம் எதிராகப் பேசுகிறேன், கோபப்பட வேண்டாம். செம்பு வந்துவிட்டாள், அவளை நன்றாக வளருங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கு ஒரு ஸ்பேனியல் வாங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் குளிரில், புதருக்குள் இருக்கிற உட்காக் பறவையைக் கிளப்பிவிட வளர்த்த நாய் அது. அதனால்தான் காக்கர் என்று பெயர். அதன் முடி அந்தக் குளிருக்கு, அந்த முட்புதருக்கு. நம் ஊர் வேட்டை நாய்களைப் பாருங்கள், சிப்பிப்பாறையைப் பாருங்கள், கன்னியைப் பாருங்கள். ஒட்டின முடி, ஒடுங்கின வயிறு, நீண்ட கால். கரிசல் வெயிலில் முயலை விரட்டி உருவான உடம்பு. ராஜபாளையம் நாய்க்கு 2005ல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். நம் மண்ணில் இத்தனை இருக்கும்போது, கடையில் பார்த்த அழகுக்காகச் சிவகங்கைச் சீமை வெயிலில் ஒரு கம்பளி போர்த்திய உயிரைக் கொண்டுவந்து வைப்பது அதற்கு நாம் செய்கிற நியாயமா?

கண்மாய்க்கரை வீடு

அண்ணன், நீங்கள் சொல்வதில் கோபப்பட ஒன்றுமில்லை. வாங்குமுன் இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்பது உண்மை. இப்போது அவள் எங்கள் பொறுப்பு. இந்த மண்ணில் அவள் கஷ்டப்படாமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யத்தான் கேட்கிறேன்.

தேவகோட்டை அண்ணன், இன்றைக்கே காரைக்குடியில் காட்டினோம். ஈஸ்ட்தான். 14 நாள் மருந்து, அதுவரை நீச்சல் கிடையாது. செவிப்பறை நன்றாக இருக்கிறதாம்.

மாட்டு டாக்டர்

அம்மா, நான் அரசு கால்நடை மருந்தகங்களில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற பெயரையே இங்கேயும் வைத்துக்கொண்டேன். காதைப் பற்றித் தேவகோட்டைக்காரர் எழுதியதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. கண்மாயைப் பற்றி எழுதுகிறேன்.

முதலாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரிலும் மாட்டின் சிறுநீரிலும் வருகிற கிருமி, தேங்கின தண்ணீரிலும் சேற்றிலும் வெகுநாள் உயிரோடு இருக்கும். காலில் ஒரு சின்னக் கீறல் போதும், கண், மூக்கு, வாய் வழியாகவும் ஏறும். மழை விட்ட அடுத்த சில வாரங்கள்தான் ஆபத்தான காலம். நாய் சாப்பிடாது, வாந்தி எடுக்கும், இடுப்பைத் தொட்டால் வலியில் சுருங்கும், கண் வெள்ளை மஞ்சளாகும். சிறுநீரகமும் ஈரலும் போய்விடும். நாயிடமிருந்து வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும், ஆகவே பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தடுப்பூசி உண்டு. முதல் தடவை 3 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருஷா வருஷம். ஊசிப் புத்தகத்தை எடுத்து, கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோ, அதாவது இந்த எலிக்காய்ச்சல் ஊசி, சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல புத்தகங்களில் அந்த இரண்டாவது ஊசி விட்டுப்போயிருக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதத்தில் போட்டிருப்பீர்கள், அதுவும் வருஷா வருஷம்.

இரண்டாவது உண்ணி. கண்மாய்க் கரையில் ஆடு மாடு மேயும், தெருநாய்கள் படுக்கும். ஸ்பேனியலின் காது மடல் ஓரம், விரல் இடுக்கு, அக்குள் மூன்றும் உண்ணிக்கு வசதியான இடங்கள். உண்ணி கடித்து வருகிற எர்லிக்கியா காய்ச்சலில் தட்டணுக்கள் இறங்கி மூக்கில் ரத்தம் வரும். பபேசியா வந்தால் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகும், ஈறு வெளுத்துவிடும். இதில் நீந்துகிற நாய்க்கு ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. முதுகில் விடுகிற சொட்டு மருந்து தோலில் உள்ள எண்ணெய்ப் பசையில் பரவித்தான் வேலை செய்யும். வாரம் மூன்று நாள் தண்ணீரில் இறங்கினால் அது சீக்கிரம் கழன்றுவிடும். மாத்திரையாகக் கொடுப்பது இவளுக்கு நல்லது. எடையைப் பார்த்து உங்கள் டாக்டர் கொடுப்பார்.

மூன்றாவது பங்குனி, சித்திரையில் வரும். கண்மாய் வற்றி ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது மேலே பச்சைச் சாயம் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு படலம் கட்டும். பார்க்கப் பாசி மாதிரி இருக்கும். அதில் சிலவகை நீலப்பச்சைப் பாசி விஷம். நாய் குடித்தாலும், நீந்திவிட்டு முடியை நக்கினாலும் ஈரலைத் தாக்கும், சில நேரம் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். அந்த விஷத்தை முறிக்க மருந்து கிடையாது. அந்த நிறத்தைக் கண்டால் கரையோடு திரும்பிவிடுங்கள்.

வால் வெட்டாமல் இருக்கிறதா? இருந்தால் நல்லது, வாங்குகிற யாரும் வெட்டச் சொல்லாதீர்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரேயடியாக அதிக நேரம் நீந்தினால் மறுநாள் வால் நனைந்த கயிறு மாதிரி தொங்கும், உட்கார மறுக்கும். வால் உடைந்துவிட்டது என்று அழுதுகொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். வாலடித் தசையில் ஏற்பட்ட அசதி அது, சில நாள் ஓய்வில் சரியாகும். 10 நிமிஷம் நீந்தினால் 10 நிமிஷம் கரையில் உட்காரட்டும்.

பெரிய பரிசோதனை எதுவும் தேவைப்பட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஊருணிக் காவல்

ஒரு வேண்டுகோள். கண்மாய் வேறு, ஊருணி வேறு. நம் பக்கத்தில் இன்னமும் சில ஊர்களில் குடிக்கிற ஊருணி இருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு மனுஷனே இறங்க மாட்டான், கால் கழுவ மாட்டான். பெரியவர்கள் மழைத்தண்ணீர் வந்து சேர வரத்துக்கால் வெட்டி, சுற்றிலும் மதில் வைத்து, செம்புறாங்கல் படி கட்டி வைத்தது குடிதண்ணீருக்காக. நாய் ஆசைப்படுகிறது என்று அதில் இறக்கிவிட்டால் ஊரில் சண்டை வரும், வருவதும் நியாயம். போன வருஷம் எங்கள் ஊரில் லீவுக்கு வந்த ஒரு குடும்பம் இப்படிச் செய்தது, பெண்டுகள் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

கண்மாயில் இறங்குவதற்கும் இடம் பார்க்க வேண்டும். மடைப் பக்கமும், மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கமும் போகாதீர்கள். மடை திறந்திருந்தால் உள்ளே இழுக்கும். உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தில்தான் இப்போது தண்ணீர் நிற்கிறது. மேலே தெரியாது, அடியில் கிளை முழுக்க முள். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் தங்கூசி (மெல்லிய நைலான் நரம்பு) வலை கட்டியிருப்பார்கள், கால் மாட்டினால் நாய் தானாக விடுவித்துக்கொள்ளாது. மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கிற சரிவு ஒன்று எல்லாக் கண்மாயிலும் இருக்கும். முள் இருக்காது, தரை கெட்டி. அங்கே இறக்குங்கள். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறக்குங்கள்.

உங்கள் கொல்லையில் கிணறு இருந்தால் இன்றைக்கே கம்பிவலை போடுங்கள். பழைய வீடுகளில் கைப்பிடிச் சுவர் இடுப்பளவுகூட இருக்காது. உள்ளே தண்ணீர் மினுங்குவதைப் பார்த்தால் உங்கள் நாய் யோசிக்காது.

சிங்கப்பூர் வாசி

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. கோட்டையூரில் அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும் 18 அறை வீட்டில் தனியாக இருக்கிறார்கள். துணைக்கு ஒரு வாட்டர் ஸ்பேனியல் வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நல்ல யோசனைதானே?

தேவகோட்டைக்காரன்

தம்பி, முதலில் பெயர். வாட்டர் ஸ்பேனியல் என்பது தனி இனம். ஐரிஷ் வாட்டர் ஸ்பேனியல் ஸ்பேனியல்களிலேயே உயரமானது, உடம்பெல்லாம் சுருள், வால் மட்டும் எலிவால் மாதிரி மழமழவென்று இருக்கும். அமெரிக்கன் வாட்டர் ஸ்பேனியல் விஸ்கான்சின் மாநிலத்தின் நாய். நம் பக்கத்தில் கிடைப்பது காக்கர். அதைக் காட்டி வாட்டர் ஸ்பேனியல் என்று யாராவது விலை சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது, வயசானவர்கள் இரண்டு பேர் தனியாக இருக்கிற வீட்டுக்கு இது துணையாக இருக்காது, வேலையாக இருக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓட வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் சிக்கு எடுக்க வேண்டும், காது பார்க்க வேண்டும். இது ஆளைவிட்டுப் பிரிந்து இருக்காது. அறைக்கு அறை பின்னாலேயே வரும், கதவைச் சாத்தினால் கதவடியில் படுத்து அழும். 12, 13 வருஷம் இருக்கும். அப்பச்சிக்கு இப்போது என்ன வயசு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நாயை அனுப்புவதற்குப் பதில் ஒருமாசம் லீவு போட்டு நீங்கள் வந்து இருங்கள்.

கோட்டையூர் ஆச்சி

வெயிலைப் பற்றி யாரும் விவரமாக எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதுவது எனக்குச் சுலபம் இல்லை.

எங்களிடம் கறுப்பு வெள்ளையில் ஒரு காக்கர் இருந்தான். கத்திரி வெயில் தொடங்கி ஆறாம் நாள். நாங்கள் ஒரு பூச்சூட்டு விழாவுக்குப் போயிருந்தோம். ஒரு பிராணிகள் பராமரிப்பு இடத்தில் பகலுக்கு மட்டும் விட்டிருந்தோம். அங்கே மதியம் கரண்ட் போயிருக்கிறது. தகரக் கூரை. மூன்று மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாக்கு செங்கல் நிறத்தில் வெளியே தொங்குகிறது, எச்சில் கயிறாக ஒழுகுகிறது, எங்களைப் பார்த்தும் வால் அசையவில்லை. பதறிப்போய் அப்படியே தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். அந்த 25 நிமிஷம் அவன் உடம்பு கொதித்துக்கொண்டே இருந்தது. போய்ச் சேர்ந்தபோது 108 டிகிரி. அன்று ராத்திரி போய்விட்டான்.

டாக்டர் பிறகு சொன்னார்: "முதலில் தண்ணீர் ஊற்றியிருக்கணும் ஆச்சி, அப்புறம்தான் கார்." அந்த வாக்கியம் எனக்குத் தெரியாமல் இருந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நாய்க்குச் சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி. 104ஐத் தாண்டினால் அவசரம். இருக்கிற இடத்திலேயே நிழலில் போட்டு, உடம்பெல்லாம் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஃபேனைப் போடுங்கள். அடிவயிறும் தொடை இடுக்கும் நனைய வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள். கொஞ்சம் தணிந்ததும் ஏசி போட்ட வண்டியில் கொண்டுபோங்கள். எழுந்து நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும், உள்ளே சிறுநீரகம் கெட்டிருக்கலாம்.

நம் வீடுகள் இந்த நாய்க்கு நல்ல வீடுகள்தான். சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, முற்றத்து வழியாகச் சூடு மேலே போய்விடும். மதியம் தரையில் பதித்த ஆத்தாங்குடிக் கல்லில் வயிற்றைப் பரப்பி, பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி நீட்டிப் படுத்துக்கொள்வான். எழுந்த இடத்தில் கல்லில் ஈரமாக அவன் அச்சு இருக்கும். ஆனால் அதே கல் ஈரக்காலுக்கு வழுக்கும். ஓடித் திரும்பும்போது இடுப்பு எலும்பு பிசகும். பாதத்துக்கு அடியில் விரலிடுக்கு முடியை வெட்டிவிட்டு, ஓடுகிற வழியில் கோரைப்பாய் போட்டு வையுங்கள். கோடையில் காலை 7 மணிக்கு முன்னாலும், பொழுது சாய்ந்த பிறகும்தான் நடை. வெயில் என்று உடம்பு முழுக்க மொட்டையடிக்க வேண்டாம், தோல் வெந்துபோகும். அடிவயிறும் அக்குளும் குறைத்தால் போதும்.

மாட்டு டாக்டர்

ஆச்சி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். "முதலில் தண்ணீர்" என்பதை நாய் வளர்க்கிற எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும்.

சாப்பாட்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நம் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு கிடையாது. உப்புக்கறியைப் பிசைந்து ஒரு உருண்டை கொடுத்தால் என்ன என்று தோன்றும். வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும், வேக வைத்தாலும் மாறாது. பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த கறி, சோறு, பூசணி, தயிர் போதும். அளவு முக்கியம், காக்கர் கேட்டுக்கொண்டே இருக்கும். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். தண்ணீர் வைக்கிற பாத்திரம் வாய் குறுகலாக இருக்கட்டும், காது வெளியே விழும்.

கண்மாய்க்கரை வீடு

எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆச்சி, அன்றைக்கு உங்கள் பதிவைப் படித்துவிட்டு பதில் எழுதக் கை வரவில்லை. மறுநாளே தெர்மாமீட்டர் வாங்கிப் பட்டாசாலை அலமாரியில் வைத்துவிட்டேன். "முதலில் தண்ணீர், அப்புறம் கார்" என்று என் மகன் அட்டையில் எழுதிக் கொல்லைக் கதவில் ஒட்டியிருக்கிறான்.

கிணற்றுக்கு வலை போட்டாயிற்று. ஊசிப் புத்தகத்தில் டாக்டர் ஐயா சொன்ன மாதிரியே லெப்டோ இரண்டாவது ஊசி இல்லை, திரும்ப முதலிலிருந்து போட்டோம். காது சரியான பிறகுதான் தண்ணீரில் விட்டோம், மாடு இறங்குகிற சரிவில், 30 அடி கயிறு கட்டி. குத்தகைக்காரரிடம் சொல்லப் போனபோது அவரே வலை கட்டியிருக்கிற பக்கத்தைக் கைநீட்டிக் காட்டினார். விசில் ஊதினால் திரும்பி வரப் பழக்கினோம். முதல் மூன்று வாரம் கரையில், பிறகு முழங்கால் தண்ணீரில், பிறகு நீச்சலில். வந்தால் ஒவ்வொரு தடவையும் அவித்த கறித்துண்டு ஒன்று. இப்போது பத்துக்கு ஒன்பது தடவை வருகிறாள். அந்த ஒரு தடவைக்காகக் கயிறை அவிழ்ப்பதில்லை.

அப்பத்தா விஷயம். வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றின உள்கட்டு) சாமி வீட்டுப் பக்கம் செம்பு வரக்கூடாது என்றார், நாங்களும் மீறவில்லை. முகப்போடு நிறுத்திவிடுவோம். மார்கழியில் ஒருநாள் நல்ல மழை. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் கொட்டுகிறது, அண்டா வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். சத்தத்தைக் கேட்டுவிட்டு முகப்பிலிருந்து ஒரே பாய்ச்சலில் வந்து முற்றத்தில் நின்றுவிட்டாள். மழையை அண்ணாந்து வாயால் கடிக்கிறாள். நான் பயந்துபோய் அப்பத்தாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மழை விட்டதும், கொடியில் கிடந்த ஐயாவின் பழைய வேட்டியை எடுத்துக் கிழித்தார். "காதுக்குள்ள போயிருக்கும், பிடி அவளை" என்றார்.

அன்றிலிருந்து காது அப்பத்தாவுடைய வேலை. திண்ணையில் உட்கார்ந்து, செம்புவின் தலையை மடியில் சாய்த்து, விரலில் துணியைச் சுற்றித் துடைக்கிறார். நெருஞ்சி முள்ளும் ஒட்டுப்புல்லும் விரலிடுக்கில் இருந்தால் அதையும் பார்த்து எடுக்கிறார், கண் தெரியாவிட்டாலும் விரல் கண்டுபிடித்துவிடுகிறது. முண்டாசு கட்டின படத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.

கண்மாய் இப்போதே பாதி இறங்கிவிட்டது. பங்குனியில் நிறம் மாறுமுன் நிறுத்திவிட்டு, கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டித் தரலாம் என்று இருக்கிறோம். எவ்வளவு ஆழம் வைக்கலாம்?

ஊருணிக் காவல்

ஒன்றரை அடி போதும். ஒரு பக்கம் சரிவாக விடுங்கள், ஏறி வர முடியணும். மூன்று நாளுக்கு ஒருதரம் திறந்து தென்னைக்கு விட்டுவிடுங்கள், கொசுவும் வராது.

சிப்பிப்பாறை அன்பன்

தொட்டி வேப்பமரத்து நிழலில் இருக்கட்டும் தங்கச்சி. வெயிலில் கட்டினால் மதியம் தண்ணீர் கொதிக்கும். கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் வசதிக்கு மரத்தைவிட்டுத் தள்ளித்தான் கட்டுவார்கள்.

மாட்டு டாக்டர்

அம்மா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடித்திருக்கிற இடது காதின் உட்பக்கம், ஓரத்தில் லேசாகச் சிவந்திருக்கிற மாதிரி தெரிகிறது. வெளிச்சமாகவும் இருக்கலாம். நாளைக்கே ஒருதரம் காட்டிவிடுங்கள்.

கண்மாய்க்கரை வீடு

காட்டிவிட்டு வந்தோம் ஐயா. ஆரம்பம்தானாம், 7 நாள் சொட்டு. வாடை வருமுன்னே பார்த்துவிட்டீர்கள். அப்பத்தாவிடம் சொன்னேன். "இடதா? நேத்துத் துடைக்கையில வெடுக்குன்னு இழுத்தா, நான்தான் விட்டுட்டேன்" என்று கொல்லைப் பக்கம் எழுந்து போனார். இப்போது செம்புவைத் திண்ணையில் வைத்துக்கொண்டு இரண்டு காதையும் மாற்றி மாற்றி மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.